இரண்டாவது திரையில் எழுத்து மங்குகிறதா? மானிட்டரை மாற்றும் முன் இதைப் பாருங்கள்

2020 ஊரடங்குக்குப் பிறகு நம் வீடுகள் பலவற்றில் லேப்டாப்புக்குப் பக்கத்தில் இன்னொரு மானிட்டரும் இடம்பிடித்துவிட்டது. மகன் வீட்டிலிருந்தே கம்பெனி வேலை பார்க்கிறார். மகளுக்கு ஆன்லைன் வகுப்பு. வளைகுடாவில் இருக்கும் அத்தாவுடன் வீடியோவில் பேச வேண்டும். ஒரு சிறிய திரை இத்தனைக்கும் போதவில்லை என்று, அலுவலகங்கள் கழித்துப்போட்ட மானிட்டர் ஒன்றை சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் குறைந்த விலைக்கு வாங்கி மாட்டிவிடுகிறோம்.

மாட்டிய அன்றே புகார் தொடங்குகிறது. லேப்டாப்பில் பளிச்சென்று தெரிந்த எழுத்து, அந்த விண்டோவைப் பெரிய திரைக்கு இழுத்ததும் பனிமூட்டத்துக்குள் போனதுபோல் மங்கிவிடுகிறது. சில புரோகிராம்களில் கதை வேறு. பெரிய திரையில் எல்லாம் ஒழுங்காக இருக்கும். லேப்டாப்புக்குக் கொண்டுவந்தால் பட்டன்கள் எறும்பு அளவுக்குச் சுருங்கியிருக்கும். கடையில் கேட்டால், "மானிட்டர் பழசு பாய், மாத்திடுங்க" என்கிறார்கள். இன்னொரு கடையில் கிராபிக்ஸ் கார்டு போடச் சொல்கிறார்கள். இரண்டுமே ஆயிரக்கணக்கில் செலவு வைக்கும் யோசனைகள். நாம் பார்த்தவரை, இப்படி வரும் புகார்களில் பெரும்பாலானவை ஒரு ரூபாய் செலவில்லாமல் செட்டிங்கில் தீரக்கூடியவை.

மங்கலாக இருந்தால் என்ன, படிக்கத்தானே முடிகிறது என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். நம் பிள்ளைகள் திரையில் படிப்பது ஆங்கிலம் மட்டும் அல்ல. ஆங்கில எழுத்து கொஞ்சம் மங்கினாலும் சொல்லின் உருவத்தை வைத்து ஊகித்துவிடலாம். தமிழில் 'க'வுக்கும் 'க்'குக்கும் வித்தியாசம் ஒரு புள்ளி. அரபியில் 'பா', 'தா', 'ஸா' மூன்றும் உருவத்தில் ஒன்றே. கீழே ஒரு புள்ளி, மேலே இரண்டு புள்ளி, மேலே மூன்று புள்ளி என்பதுதான் வேறுபாடு. அதன் மேல் ஜபர், ஜேர், பேஷ் குறியீடுகள் வேறு. ஆன்லைனில் ஓதக் கற்கும் ஒரு குழந்தைக்கு அந்த இரண்டு புள்ளியும் ஒரே கறையாகத் தெரிந்தால், தவறு குழந்தையுடையது ஆகிவிடுகிறது. ஆகவே இதைச் சரிசெய்வது அவசியம்தான்.

முதலில் ஒரு சோதனை

எதையும் மாற்றும் முன், மங்கலாகத் தெரியும் அதே திரையில் விண்டோஸின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து வையுங்கள். பக்கத்திலேயே குரோம் அல்லது எட்ஜ் பிரவுசரையும் திறந்து வையுங்கள். இவை இரண்டும் திரைக்குத் தக்கபடி தம்மை மாற்றிக்கொள்ளத் தெரிந்தவை.

இவை தெளிவாக இருந்து, குறிப்பிட்ட ஒரு புரோகிராம் மட்டும் மங்கினால், மானிட்டர் நிரபராதி. கேபிளும் நிரபராதி. பிரச்சினை அந்தப் புரோகிராமுக்கும் விண்டோஸுக்கும் இடையில் இருக்கிறது. மாறாக செட்டிங்ஸ், பிரவுசர் உட்பட அந்தத் திரையில் எல்லாமே மங்கலாக இருந்தால், ரெசல்யூஷன், கேபிள், மானிட்டர் பட்டன்கள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இந்தப் பிரிவினையைச் செய்யாமல் கண்டபடி செட்டிங்கை மாற்றுவதால்தான் குழப்பம் கூடுகிறது.

எல்லாமே மங்கினால்

இது எளிய வகை என்பதால் முதலில் முடித்துவிடுவோம். டெஸ்க்டாப்பில் வலது கிளிக் செய்து டிஸ்ப்ளே செட்டிங்ஸ் திறந்து, மேலே உள்ள படத்தில் பிரச்சினைக்குரிய திரையைத் தேர்ந்தெடுங்கள். எது எந்த எண் என்று தெரியாவிட்டால் 'ஐடென்டிஃபை' அழுத்தினால் ஒவ்வொரு திரையிலும் அதன் எண் தோன்றும். கீழே ரெசல்யூஷன் என்ற இடத்தில் 'ரெகமண்டட்' என்று குறித்த அளவே இருக்க வேண்டும். எழுத்து பெரிதாகத் தெரியட்டும் என்று பலர் இதைக் குறைத்து வைக்கிறார்கள். 1920 புள்ளி அகலமுள்ள திரையில் 1366 வைத்தால், ஒரு புள்ளியை ஏறத்தாழ 1.4 புள்ளியில் காட்ட வேண்டிய நிலை. புள்ளியை வெட்ட முடியாது, எனவே திரை பக்கத்துப் புள்ளிகளோடு கலந்து காட்டுகிறது. மங்கல் அதுதான். எழுத்தைப் பெரிதாக்க ரெசல்யூஷனில் கை வைக்கவே கூடாது. அதற்கு 'ஸ்கேல்' என்று தனி இடம் இருக்கிறது.

விண்டோஸ் பட்டனுடன் 'பி' எழுத்தை அழுத்திப் பாருங்கள். 'டூப்ளிகேட்' என்று இருந்தால் இரண்டு திரைக்கும் ஒரே ரெசல்யூஷனைத் திணிக்கிறோம் என்று பொருள்; இரண்டில் ஒன்று பாதிக்கப்படும். 'எக்ஸ்டெண்ட்' என்று மாற்றுங்கள். பழைய நீல முனை விஜிஏ கேபிள் என்றால், மானிட்டரில் உள்ள 'ஆட்டோ அட்ஜஸ்ட்' பட்டனை ஒருமுறை அழுத்துங்கள். மானிட்டரில் எச்டிஎம்ஐ துளை இருந்தால் அந்தக் கேபிளுக்கு மாறுவது நல்லது. இந்தக் கட்டுரையில் நாம் சொல்லும் ஒரே செலவு இதுதான். டிவியை மானிட்டராக வைத்திருப்பவர்கள், ரிமோட்டில் படத்தின் அளவு பகுதிக்குப் போய் 'ஜஸ்ட் ஸ்கேன்' அல்லது 'ஸ்க்ரீன் ஃபிட்' போன்ற தேர்வைப் போட வேண்டும். இல்லாவிட்டால் டிவி ஓரங்களைக் கொஞ்சம் வெட்டி, மீதியை இழுத்துக் காட்டும்.

ஒரு புரோகிராம் மட்டும் மங்கினால்

இதைப் புரிந்துகொள்ள ஒரு கணக்கு வேண்டும். 15.6 அங்குல லேப்டாப் திரையில் 1920 x 1080 புள்ளிகள் இருந்தால், ஓர் அங்குலத்துக்குச் சுமார் 141 புள்ளிகள். அதே 1920 x 1080 புள்ளிகள் 24 அங்குல மானிட்டரில் பரவும்போது அங்குலத்துக்கு 92 மட்டுமே. 100 புள்ளி அகலமுள்ள ஒரு பட்டன் லேப்டாப்பில் 18 மில்லிமீட்டர் இருக்கும். பெரிய மானிட்டரில் ஏறத்தாழ 28 மில்லிமீட்டர் ஆகிவிடும். புள்ளி ஒன்றே, அளவு வேறு.

இந்த வேறுபாட்டைச் சமன்செய்யத்தான் ஸ்கேல் வந்தது. 96 புள்ளியை ஓர் அங்குலம் என்று வைத்துக்கொள்வது விண்டோஸின் பழைய வழக்கம். அது 100 சதவீதம். 125 சதவீதம் என்றால் 120 புள்ளி, 150 என்றால் 144. லேப்டாப்புக்கு 125 அல்லது 150, வெளி மானிட்டருக்கு 100 என்று விண்டோஸ் தானாகவே தனித்தனியாக வைத்துவிடுகிறது. இதுவரை தவறில்லை. ஆனால் இந்த எண்களை மதித்துத் தன் படத்தைப் புதிதாக வரைய வேண்டியது ஒவ்வொரு புரோகிராமின் பொறுப்பு. அங்கேதான் சிக்கல்.

புரோகிராம்களை மூன்று விதமான தையல்காரர்களாகப் பார்க்கலாம். முதலாமவர் அளவு நாடாவையே எடுக்காதவர். எல்லாருக்கும் ஒரே அளவு, 96 புள்ளி. பழைய புரோகிராம்கள் பல இந்த வகை. இரண்டாமவர் வீட்டின் மூத்த பிள்ளைக்கு மட்டும் அளவெடுத்து, அதே அளவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பெருநாள் சட்டை தைப்பவர். நாம் கணினிக்குள் சைன் இன் செய்யும்போது முதன்மைத் திரையின் ஸ்கேல் என்ன என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு, பிறகு எந்தத் திரைக்குப் போனாலும் அதே அளவில் வரைபவை இவை. மூன்றாமவர் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக அளவெடுப்பவர். 2013-இல் வந்த விண்டோஸ் 8.1-இல்தான் திரைக்குத் திரை அளவு கேட்கும் இந்த வசதியே புரோகிராம்களுக்குக் கிடைத்தது. 2017-இல் விண்டோஸ் 10-இல் அது மேலும் செம்மையானது. அதற்கு முன் எழுதப்பட்ட புரோகிராம்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அவற்றுக்குக் கேட்க வழியே இல்லாமல் இருந்தது.

முதல் இரண்டு வகைப் புரோகிராம் தவறான அளவில் வரைந்து கொடுக்கும்போது, விண்டோஸ் என்ன செய்கிறது? முடிந்த படத்தை ஒரு போட்டோவைப்போல எடுத்து இழுக்கிறது அல்லது சுருக்குகிறது. 125 சதவீதத்தில் 4 புள்ளியை 5 புள்ளியில் பரப்ப வேண்டும். சரியாகப் பொருந்தாது. எழுத்தின் ஓரங்கள் சாம்பல் நிறமாகக் கரைகின்றன, தமிழின் புள்ளியும் அரபியின் நுக்தாவும் முதலில் பலியாகின்றன.

உங்கள் புரோகிராம் எந்த வகை என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து 'டீடெயில்ஸ்' பகுதிக்குச் சென்று, மேலே உள்ள தலைப்பு வரியில் வலது கிளிக் செய்து 'செலக்ட் காலம்ஸ்' கொடுத்து, 'டிபிஐ அவேர்னெஸ்' என்பதை டிக் செய்யுங்கள். 'அன்அவேர்' என்றால் முதல் தையல்காரர், 'சிஸ்டம்' என்றால் இரண்டாமவர், 'பெர் மானிட்டர்' என்றால் மூன்றாமவர். பிள்ளைகளிடம் சொன்னால் அரை நிமிடத்தில் பார்த்துவிடுவார்கள்.

இரண்டாம் வகைக்கு மிக எளிய மருந்து, சைன் அவுட் செய்து மறுபடி உள்ளே வருவது. காலையில் லேப்டாப்பைத் தனியாகத் திறந்து வேலை தொடங்கி, பிறகு மானிட்டரை மாட்டி அதை முதன்மைத் திரையாக வைப்பவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம். காலையில் எடுத்த பழைய அளவிலேயே அந்தப் புரோகிராம் நாள் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும். மானிட்டரை மாட்டிய பிறகு சைன் இன் செய்தால் முடிந்தது.

இன்னொன்று, எந்தத் திரை முதன்மை என்பதையும் யோசித்து முடிவு செய்யுங்கள். நீங்கள் அதிக நேரம் பார்க்கும் புரோகிராம் இந்த வகை என்றால், அதை எந்தத் திரையில் வைக்கிறீர்களோ அதுவே முதன்மையாக இருக்க வேண்டும். டிஸ்ப்ளே செட்டிங்ஸில் அந்தத் திரையைத் தேர்ந்தெடுத்து, 'மல்டிபிள் டிஸ்ப்ளேஸ்' பகுதியில் 'மேக் திஸ் மை மெயின் டிஸ்ப்ளே' என்பதை டிக் செய்து, சைன் அவுட் செய்து வாருங்கள். நம் அனுபவத்தில் பாதிப் புகார் இதோடு நின்றுவிடுகிறது.

நிற்காவிட்டால், அந்தப் புரோகிராமுக்கு மட்டும் தனி உத்தரவு போடலாம். அதன் ஐகானில் வலது கிளிக், 'பிராப்பர்ட்டீஸ்', 'கம்பாட்டிபிலிட்டி', அதில் 'சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ்'. ஸ்டார்ட் மெனுவில் மட்டும் இருக்கும் ஐகான் என்றால் முதலில் 'ஓபன் ஃபைல் லொகேஷன்' கொடுத்து, அங்கே வரும் ஐகானில் இதைச் செய்யுங்கள். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து இறக்கிய ஆப்களுக்கு இந்தப் பக்கம் வராது.

திறக்கும் பெட்டியில் இரண்டு பாகம். மேல் பாகம் 'புரோகிராம் டிபிஐ'. சைன் இன் செய்த நேரத்து அளவை எடுக்கட்டுமா, புரோகிராமைத் திறக்கும் நேரத்து அளவை எடுக்கட்டுமா என்று அது கேட்கும். 'ஐ ஓபன் திஸ் புரோகிராம்' என்பதைத் தேர்ந்தெடுத்தால், மானிட்டரை மாட்டிய பிறகு அந்தப் புரோகிராமை மூடித் திறந்தாலே போதும், சைன் அவுட் தேவைப்படாது.

கீழ்ப் பாகம் 'ஓவர்ரைட் ஹை டிபிஐ ஸ்கேலிங் பிஹேவியர்'. டிக் செய்ததும் மூன்று தேர்வுகள் வரும். இணையத்தில் பலரும் 'அப்ளிகேஷன்' போடுங்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுகிறார்கள். அது எல்லாருக்கும் பொருந்தாது. 'அப்ளிகேஷன்' என்றால், விண்டோஸ் இனி இழுக்காது, நீயே பார்த்துக்கொள் என்று புரோகிராமிடம் விட்டுவிடுவது. மங்கல் நிச்சயம் போய்விடும். ஆனால் அந்தப் புரோகிராமுக்குத் தன்னைப் பெரிதாக்கிக்கொள்ளத் தெரியாவிட்டால் எல்லாம் சிறியதாகிவிடும். 125 சதவீதத் திரையில் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். 200 சதவீதத் திரையில் பட்டனைத் தேட வேண்டியிருக்கும். 'சிஸ்டம்' என்றால் இழுக்கும் பொறுப்பு முழுக்க விண்டோஸுடையது. அளவு சரியாகும், கொஞ்சம் மங்கும். 'சிஸ்டம் என்ஹான்ஸ்டு' என்பது பழைய முறையில் எழுத்தை வரையும் புரோகிராம்களுக்கானது. படத்தை இழுக்காமல், எழுத்தையே பெரிய அளவில் மறுபடி வரைய விண்டோஸ் முயலும். பழைய கணக்குப் புரோகிராம்களுக்கும் பில் போடும் புரோகிராம்களுக்கும் இதையே முதலில் முயன்று பார்க்கச் சொல்வோம். எழுத்து ஒன்றன்மேல் ஒன்று ஏறினாலோ, சில பகுதிகள் காணாமல் போனாலோ அந்தப் புரோகிராமுக்கு இது ஒத்துவராது, திரும்ப எடுத்துவிடுங்கள். எதைத் தேர்ந்தெடுத்தாலும் புரோகிராமை முழுவதும் மூடித் திறந்தால்தான் பலன் தெரியும்.

நிக்காஹ் அழைப்பிதழும் ஜமாஅத் நோட்டீசும் அடிக்கும் சகோதரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பேஜ்மேக்கர் 7 வெளிவந்தது 2001-இல். தமிழ் எழுத்துருக்களுக்காக அதை இன்னும் விடாமல் வைத்திருப்பவர்கள் உண்டு. இன்றைய திரையில் அது மங்கலாகத் தெரிவதைப் பார்த்து, அச்சிலும் இப்படித்தான் வருமோ என்று பயப்பட வேண்டாம். விண்டோஸ் இழுப்பது திரையில் காட்டும் படத்தை மட்டும். பிரிண்டருக்குப் போகும் எழுத்து அதன் சொந்த அளவிலேயே போகிறது. 2012-இல் வந்த போட்டோஷாப் சிஎஸ்6-இன் நோய் வேறு. அது மங்காது; அதன் கருவிப் பட்டன்கள் சுருங்கிவிடும். அளவு தெரியும் என்று விண்டோஸிடம் சொல்லிவிட்டு, பட்டன்களைப் பெரிதாக்காமல் இருந்துவிடுகிறது. அதற்கு 'சிஸ்டம்' தேர்வுதான் சரி. போட்டோவின் கூர்மையைத் துல்லியமாகப் பார்க்க வேண்டிய வேலை என்றால், 100 சதவீதத்தில் இருக்கும் வெளி மானிட்டரில் வைத்துச் செய்யுங்கள்; அங்கே விண்டோஸ் எதையும் இழுக்க வேண்டியிருக்காது.

வேர்டும் எக்செலும் மங்கினால் ஐகானைத் தொட வேண்டாம். 'ஃபைல்', 'ஆப்ஷன்ஸ்', 'ஜெனரல்' என்று போனால், பல திரைகளைப் பயன்படுத்தும்போது என்ன செய்வது என்று ஒரு வரி இருக்கும். அதில் 'பெஸ்ட் அப்பியரன்ஸ்' என்பது இருக்க வேண்டும். 'கம்பாட்டிபிலிட்டி' என்று மாற்றி வைத்திருந்தால் முதன்மைத் திரையைத் தவிர மற்றதில் மங்கும்.

செய்யக் கூடாத ஒன்று உண்டு. ஸ்கேல் பகுதிக்குள் 'கஸ்டம் ஸ்கேலிங்' என்ற பெட்டியில் 110, 135 என்று விருப்பத்துக்கு எண் போடும் வசதி இருக்கிறது. அது ஒரு திரைக்கு மட்டும் பொருந்தாது. இணைத்துள்ள எல்லாத் திரைக்கும் அதே எண் போய்விடும். இரண்டு திரை வைத்திருப்பவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம். வீட்டில் பெரியவர்களுக்கு எழுத்து மட்டும் பெரிதாக வேண்டும் என்றால், 'அக்சஸிபிலிட்டி' பகுதியில் 'டெக்ஸ்ட் சைஸ்' இருக்கிறது. 225 சதவீதம் வரை கூட்டலாம்.

விண்டோவை ஒரு திரையிலிருந்து மற்றதற்கு இழுக்கும்போது பாதி வழியில் சட்டென்று பெரிதாவதும் சிறிதாவதும் கோளாறு அல்ல. புரோகிராம் புது அளவு எடுக்கிறது, அவ்வளவே. மானிட்டரைக் கழற்றிய பிறகு ஒரு விண்டோ கண்ணுக்கே தெரியாமல் போய்விட்டால், கீழே உள்ள பட்டையில் அதன் ஐகானைச் சொடுக்கிவிட்டு, விண்டோஸ் பட்டன், ஷிஃப்ட், இடது அல்லது வலது அம்பு மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். இருக்கும் திரைக்கு வந்துவிடும்.

இத்தனையும் செய்து ஒரே ஒரு புரோகிராம் மட்டும் அடம்பிடித்தால், கடைசியாக ஒரு சமரசம் இருக்கிறது. இரண்டு திரைக்கும் ஒரே ஸ்கேலை வையுங்கள். 15.6 அங்குல லேப்டாப்பும் 24 அங்குல மானிட்டரும் என்றால் இரண்டுக்கும் 125. அளவு ஒன்றாகிவிட்டதால் இரண்டாம் வகைப் புரோகிராமை எந்தத் திரைக்கு இழுத்தாலும் விண்டோஸ் அதைத் தொட வேண்டியதில்லை, எழுத்து தெளிவாகவே இருக்கும். முதல் வகைக்கு மட்டும் 125 உதவாது. இரண்டையும் 100-இல் வைத்தால்தான் தெளியும். அப்படி வைக்கும்போது லேப்டாப்பில் எழுத்து கொஞ்சம் சிறியதாகத் தெரியும், அதை மானிட்டரைவிட ஒரு சாண் முன்னால் இழுத்து வைத்துக்கொள்ளுங்கள்.